சாம்பலும் கசடும் சேர்ந்த கான்கிரீட்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகத் தொழிற்சாலைக் கழிவு சேர்க்கப்பட்ட கான்கிரீட்டில் எந்தக் கோளாறு தென்பட்டாலும் பழி முதலில் அந்தக் கழிவின் மீதே விழுகிறது. சில சமயம் அது சரிதான். ஆனால் பெரும்பாலும், பிணைபொருள் (ஜல்லியையும் மணலையும் ஒட்டவைக்கும் சிமெண்டும் அதன் மாற்றுத் தூளும்) மாறிய பிறகும் சென்ட்ரிங் பலகை பிரிக்கும் நாள், மேற்பரப்பைத் தேய்க்கும் நேரம், நீராற்றும் (இறுகிய கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும்) காலம், வலிமையைச் சோதிக்கும் வயது ஆகிய எல்லாவற்றையும் வெறும் சிமெண்டுக்கு வைத்திருந்தபடியே விட்டுவிடுவதுதான் கோளாறுக்குக் காரணமாக இருக்கிறது. எனவே கழிவை நிறுத்துவது என்ற முடிவுக்குப் போகும் முன், மாறியது பொருளா, வானிலையா, வேலைமுறையா என்று பிரித்தறிவதற்கான வழிகள் அறிகுறி வாரியாகக் கீழே தரப்பட்டுள்ளன.

இங்கே முதன்மையாகப் பேசப்படுபவை மூன்று பொருள்கள்: அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து பிடிக்கப்படும் ஃபிளை ஆஷ், இரும்பு ஊதுலையின் உருகிய கசட்டை நீரால் திடீரெனக் குளிரவைத்து அரைத்த கசட்டுத்தூள், சிலிக்கான் உலோக உலைகளின் புகையிலிருந்து கிடைக்கும் சிலிக்கா ஃபியூம். சிமெண்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது வலிமை தரும் பசையோடு சுண்ணாம்பும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடும், வெளிப்படுகிறது. ஃபிளை ஆஷும் சிலிக்கா ஃபியூமும் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு மேலும் பசையை உண்டாக்குகின்றன. கசட்டுத்தூளுக்கோ தானாகவே இறுகும் இயல்பு உண்டு, அதைத் தூண்டிவிடச் சிமெண்டின் காரத்தன்மை போதும். சிமெண்ட் முதலில் வினைபுரிந்தால்தான் ஃபிளை ஆஷுக்கும் கசட்டுத்தூளுக்கும் முழு வேலை கிடைக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் அறிகுறிகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்னும் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: அந்தக் குறிப்பிட்ட கலவையின் எடைப் பதிவு, கான்கிரீட்டின் வெப்பநிலை, வேலையிடத்தில் சேர்த்த தண்ணீரின் அளவு, சாம்பல் அல்லது கசடு எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்ற குறிப்பு. இவற்றில் மூன்றாவதை நேர்மையாகச் சொல்ல யாரும் முன்வருவதில்லை. ஆகவே லாரி வந்தபோதும் ஊற்றி முடிக்கும்போதும் எடுத்த ஸ்லம்ப் (ஈரக் கலவையின் இளக்கத்தைக் காட்டும் சரிவு) அளவுகளை ஒப்பிட்டுத்தான் அதை ஊகிக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: குறித்த நேரத்தில் இறுகவில்லை

காலையில் ஊற்றிய தளம் மாலையாகியும் விரல் அழுத்தத்திற்கு இடம் கொடுக்கிறது, மேலே நீர் இன்னும் பளபளக்கிறது என்றால், முதலில் வெப்பநிலைப் பதிவைப் பாருங்கள். ஃபிளை ஆஷும் கசட்டுத்தூளும் பொதுவாகவே இறுகலைச் சற்றுத் தள்ளிப்போடுபவை; கான்கிரீட்டின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்தத் தாமதம் பல மடங்காகத் தெரியும். அதனுடன் நீர் குறைக்கும் அட்மிக்சரும் (கலவையில் சிறிதளவு சேர்க்கும் வேதிப்பொருளும்) வழக்கமான அளவிலேயே போடப்பட்டிருந்தால் இரண்டு தாமதங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்கின்றன. அட்மிக்சரின் அளவு பெரும்பாலும் மொத்தப் பிணைபொருளின் எடைக்குக் கணக்கிடப்படுகிறது. ஆனால் அதை உறிஞ்சி வினைபுரிவது பெரும்பகுதி சிமெண்ட்தான். சிமெண்ட் குறைந்தால், மிஞ்சியிருக்கும் சிமெண்டின் பங்குக்கு அட்மிக்சர் அதிகமாகிவிடுகிறது என்பதைக் கணக்கில் எடுக்கத் தவறுவதே இந்தக் கோளாறில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம்.

உறுதிசெய்ய, கலவையிலிருந்து ஜல்லியைச் சலித்துவிட்டு வரும் சாந்தில் ஊசி ஊடுருவல் சோதனை செய்யலாம், எதிர்ப்பு 3.5 மெகாபாஸ்கலை எட்டுவது தொடக்க இறுகல், 27.6 மெகாபாஸ்கலை எட்டுவது இறுதி இறுகல். அட்மிக்சர் இல்லாமலும், பாதி அளவுடனும், முழு அளவுடனும் மூன்று கலவைகளை ஒரே வெப்பநிலையில் வைத்துப் பார்த்தால் குற்றவாளி எதுவென்று அன்றைக்கே தெரிந்துவிடும். திருத்தம் எளிது: அட்மிக்சரைக் குறைப்பது அல்லது வகையை மாற்றுவது, கலக்கும் தண்ணீரைச் சூடாக்குவது, குளிர்காலத்துக்கு மட்டும் மாற்றீட்டு விகிதத்தைக் குறைப்பது, குளோரைடு இல்லாத முடுக்கியைச் சேர்ப்பது.

ஒரேயொரு லாரி மட்டும் இறுகாமல், முன்னும் பின்னும் வந்தவை சரியாக இருந்தால் வெப்பநிலையைச் சந்தேகிப்பதில் பயனில்லை. சிமெண்ட் சைலோவுக்குள் (சேமிப்புக் கோபுரத்துக்குள்) சாம்பல் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டும் சாம்பல் நிறத் தூள்கள்தான், காற்றழுத்தத்தால் ஏற்றப்படும்போது குழாய் மாறிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. சைலோவின் அடியிலிருந்து ஒரு பிடித் தூளை எடுத்து ஒப்படர்த்தி அளந்தால் சிமெண்ட் 3.15 அளவில் இருக்கும், ஃபிளை ஆஷ் 2.0 முதல் 2.6 வரைக்குள் இருக்கும். நுண்ணோக்கி இருந்தால் அதுவும் தேவையில்லை: அரைக்கப்பட்ட சிமெண்ட் துகள்கள் உடைந்த கூர்முனைகளோடு கிடக்க, சாம்பல் துகள்கள் உருண்ட கண்ணாடி மணிகளாகத் தெரியும்.

அறிகுறி: ஊற்றும் முன்பே விறைத்துவிடுகிறது, அதன்பின் வலிமை ஏறவில்லை

இது முந்தையதற்கு நேர்மாறாகத் தோன்றினாலும் வேறொரு வகைத் தாமதமே. சுண்ணாம்பு மிகுந்த ஃபிளை ஆஷில் அலுமினேட் சேர்மங்களும் உண்டு. சிமெண்ட் ஆலையில், அலுமினேட் வினையை அடக்கிவைக்கும் ஜிப்சத்தின் அளவு அந்தச் சிமெண்டின் அலுமினேட்டுக்கு மட்டுமே பொருந்தும்படி வைக்கப்படுகிறது; சாம்பல் கொண்டுவரும் கூடுதல் அலுமினேட் அந்த ஜிப்சத்தைச் சீக்கிரமே தீர்த்துவிடும்போது கலவை சட்டென்று விறைக்கிறது, பிறகு வலிமை தரும் சிலிக்கேட் வினை மணிக்கணக்கில் நின்றுபோகிறது. வெயில் நாளும் சில வகை நீர்க்குறைப்பான்களும் இதை மோசமாக்கும்.

மிக மோசமான எதிர்வினை, விறைத்த கலவையில் தண்ணீர் ஊற்றுவது. செய்ய வேண்டியது, கான்கிரீட்டின் வெப்பநிலையைக் குறைத்துப் பார்ப்பது, அட்மிக்சரைக் கலவை நனைந்த சில நிமிடங்களுக்குப் பின் சேர்த்துப் பார்ப்பது, வேறு அட்மிக்சருக்கு மாறுவது, அல்லது சாம்பலின் பங்கைக் குறைப்பது. சமவெப்பநிலைக் கலோரிமானி (வினையில் வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் சிலிக்கேட் வினையின் வெப்பமுகடு எங்கே காணாமல் போகிறது என்பதை நேரடியாகப் பார்க்கலாம். கோடைக்காலம் வருமுன், எதிர்பார்க்கும் உச்ச வெப்பநிலையிலேயே சோதனைக் கலவை போட்டுவைப்பது இதற்கெல்லாம் மேலானது.

அறிகுறி: 7 நாள் வலிமை குறைவு

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். உண்மையான கோளாறாக இருப்பது இதில் சிறு பகுதியே. ஃபிளை ஆஷ் சேர்ந்த கான்கிரீட் 7 நாளில் சிமெண்ட் கான்கிரீட்டுக்குப் பின்தங்குவதும், 28 நாளில் நெருங்கிவருவதும், 56 அல்லது 90 நாளில் அதை எட்டுவதோ மிஞ்சுவதோ இயல்பு. பாதிச் சிமெண்டுக்குப் பதிலாகக் கசட்டுத்தூள் போட்ட கலவையிலும் முதல் வாரம் மந்தமாகவே இருக்கும். ஆகவே 7 நாள் எண்ணைப் பழைய சிமெண்ட் கலவையின் 7 நாள் எண்ணோடு ஒப்பிடுவது பொருளற்றது. அதே விகிதத்தில் போட்ட சோதனைக் கலவையின் 7 நாள் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கான்கிரீட்டில் பிழையில்லை, எதிர்பார்ப்பில்தான் பிழை.

ஒத்துப்போகாவிட்டால், அடுத்த கேள்வி கனசதுர மாதிரிகள் எங்கே கிடந்தன என்பது. முதல் இரவைக் குளிரில் திறந்தவெளியில் கழித்த மாதிரி, ஆய்வகத் தொட்டியின் சீரான வெப்பநிலையில் இருந்த மாதிரியைவிடக் குறைவாகக் காட்டுவது சிமெண்டிலும் உண்டு, ஆனால் கசட்டிலும் சாம்பலிலும் அந்த வேறுபாடு மிகுதி. எனவே இரண்டு தொகுதி மாதிரிகள் எடுங்கள்: ஒன்று தரநிலைப்படி ஆய்வகத்தில், மற்றொன்று கட்டுமானத்தின் பக்கத்திலேயே அதே வெயிலிலும் பனியிலும். முதல் தொகுதி கலவை சரியா என்று சொல்லும். இரண்டாவது தொகுதி பலகையை இன்று பிரிக்கலாமா என்று சொல்லும். ஒன்றின் பதிலை மற்றொன்றின் கேள்விக்குப் பயன்படுத்துவதால்தான் தேவையற்ற பீதியும், சில இடங்களில் ஆபத்தான அவசரமும் ஏற்படுகின்றன. தளத்தினுள் வெப்பமானி பதித்து, வெப்பநிலையையும் கழிந்த நேரத்தையும் கொண்டு வலிமையை மதிப்பிடும் முதிர்ச்சிக் கணக்குப் போடுவது இன்னும் நம்பகமானது; அந்தக் கணக்கின் அடிப்படைக் கோடு இதே கலவைக்கு வரையப்பட்டதாக இருக்க வேண்டும்.

தொடக்க வலிமை உண்மையிலேயே தேவைப்பட்டால், முதல் வழி நீர்–பிணைபொருள் விகிதத்தைக் குறைப்பது. ஃபிளை ஆஷின் உருண்டைத் துகள்கள் கலவையை இளக்குவதால் அதே ஸ்லம்ப்புக்குக் குறைந்த தண்ணீரே போதும். ஆனால் பழைய நீரளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு கூடுதல் இளக்கத்தை மட்டும் அனுபவிப்பவர்கள் அந்தப் பலனை வீணாக்குகிறார்கள். அடுத்த வழிகள் நுண்மை மிகுந்த சாம்பலுக்கு மாறுவது, சுமார் 5 விழுக்காடு சிலிக்கா ஃபியூம் சேர்ப்பது, போர்வை மூடி வெப்பத்தைக் காப்பது. கான்கிரீட்டை ஏற்பதா என முடிவுசெய்யச் சோதிக்கும் ஏற்பு வயதை 28 நாளிலிருந்து 56 நாளாக மாற்றுவதும் முறையான தீர்வே, குறிப்பாக அடித்தளங்களுக்கும் பருமனான தூண்களுக்கும். ஆனால் அது ஊற்றும் முன் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும். மாதிரி தோற்ற பிறகு கேட்டால் சாக்காகவே கருதப்படும்.

இந்த மந்தத்தையே பலனாகக் கொண்ட இடங்களும் உண்டு. 1948-இல் தொடங்கி 1950-களின் முற்பகுதியில் முடிந்த, அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து ஹங்ரி ஹார்ஸ் அணையில் ஃபிளை ஆஷ் பெருமளவில் பயன்பட்டது. பருமனான கான்கிரீட்டில் உள்வெப்பம் குறைவது அங்கே வேண்டப்பட்ட பண்பு. அதே பண்பு மெல்லிய தளத்தில் குறையாகத் தெரிகிறது.

அறிகுறி: 28 நாளிலும் வலிமை எட்டவில்லை

இங்கே பொருளைச் சந்தேகிக்க நியாயமுண்டு. ஃபிளை ஆஷில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: 45 மைக்ரான் சல்லடையில் தங்கும் அளவும், சுட்டெரிப்பில் இழக்கும் எடையும். அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். சி618 முதலாவதற்கு 34 விழுக்காட்டையும், ஃபிளை ஆஷின் எரிப்பிழப்புக்கு 6 விழுக்காட்டையும் மேல் எல்லையாக வைக்கிறது. பெருமணலாகத் தங்கும் சாம்பல் வினைபுரியாமல் நிரப்பியாகவே கிடந்துவிடும். சிமெண்டில் 20 விழுக்காட்டை மாற்றிச் செய்த சாந்தின் வலிமை, தனிச் சிமெண்ட் சாந்தின் வலிமையில் குறைந்தது 75 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பதும் அதே தரநிலையின் அளவுகோல். புதுச் சரக்கையும் பழைய சரக்கையும் இந்தச் சோதனையில் அருகருகே வைத்தால் வாதத்துக்கு இடமிருக்காது.

கசட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது நீரால் திடீரெனக் குளிர்விக்கப்பட்டதா, குவியலாகக் கிடந்து மெதுவாக ஆறியதா? மெதுவாக ஆறிய கசடு படிகமாகிவிடுவதால் எவ்வளவு அரைத்தாலும் பெரிதாக வினைபுரியாது. அது ஜல்லியாகப் பயன்படலாம், சிமெண்டுக்கு மாற்றாகாது. கண்ணாடித்தன்மை குறித்த ஆய்வறிக்கை இல்லாத கசட்டுத்தூளை வாங்காதிருப்பதே நல்லது.

பொருள் சரியென்று தெரிந்தால் நீராற்றலுக்கு வாருங்கள். மூன்றாம் நாளே காய விடப்பட்ட தளத்தில் சிமெண்ட் ஓரளவு வேலையை முடித்திருக்கும், சாம்பலோ தொடங்கியே இருக்காது. மாற்றீடு கூடும்தோறும் ஈரம் காக்கும் நாள்களும் கூட வேண்டும். கட்டமைப்பிலிருந்து துளைமாதிரி (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுப்பதானால் அவசரப்படாமல், ஈரம் கொடுத்துச் சில வாரம் கழித்து எடுப்பது நியாயமான முடிவைத் தரும்.

அறிகுறி: கலவை ஒட்டுகிறது, தண்ணீர் அதிகமாகக் கேட்கிறது

சிலிக்கா ஃபியூம் சேர்ந்திருந்தால் வியப்பில்லை. அதன் துகள் சிமெண்ட் துகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு சிறியது, பரப்பளவு கிலோவுக்குச் சுமார் 20,000 சதுர மீட்டர். அத்தனை பரப்பையும் நனைக்கத் தண்ணீரை நம்பினால் வலிமை போய்விடும். சூப்பர் பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை நன்கு இளக்கும் அட்மிக்சர்) இல்லாமல் சிலிக்கா ஃபியூம் கலவையைத் தொடவே கூடாது. சாதாரண அளவு 5 முதல் 10 விழுக்காடு. கையாள்வதற்காக உருண்டைகளாக அடர்த்தியாக்கி விற்கப்படும் வகையை ஜல்லியோடு சேர்த்து முன்கூட்டியே போட்டு நன்றாகப் புரட்ட வேண்டும். கரையாமல் தங்கிய உருண்டைகள் பின்னாளில் கார–சிலிக்கா வினையால் (சிமெண்டின் காரம் சிலிக்காவோடு வினைபுரிவதால்) உப்பிப் பக்கத்துக் கான்கிரீட்டைப் பிளக்கக்கூடும்.

சிலிக்கா ஃபியூம் இல்லாமலேயே ஃபிளை ஆஷ் கலவை பிசுபிசுத்தால் மணலைக் குறைக்காமல் விட்டிருப்பார்கள். எடைக்கு எடை மாற்றும்போது சாம்பல் லேசானது என்பதால் பசையின் கனஅளவு கூடுகிறது. அந்த அளவு மணலைக் குறைத்தால் ஒட்டலும் நீங்கும், கனமீட்டர் கணக்கும் சரியாகும்.

அறிகுறி: காற்றின் அளவு லாரிக்கு லாரி மாறுகிறது

உறைபனியைத் தாங்க வேண்டிய கான்கிரீட்டில் நுண்குமிழ்கள் இன்றியமையாதவை. சாம்பலில் எரியாமல் தங்கிய கரி, குமிழ் உண்டாக்கும் மருந்தை உறிஞ்சிக்கொள்கிறது. பயணத்தின்போதும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், ஆலையில் 6 விழுக்காடு காட்டியது வேலையிடத்தில் 3 ஆகிவிடலாம். எரிப்பிழப்பு எண் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. கரியின் அளவு ஒன்றாக இருந்தாலும் அதன் உறிஞ்சும் பரப்பு மின் நிலையத்துக்கு மின் நிலையம், எரிக்கும் முறைக்கு முறை மாறும்.

இதற்கு நுரைச் சோதனை போதும், கருவி ஒரு மூடியிட்ட குப்பிதான். 16 கிராம் சிமெண்டும் 4 கிராம் சாம்பலும் 50 மில்லிலிட்டர் தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். நீர்த்த குமிழ் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சுமார் 15 விநாடி குலுக்கி, மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். முதலில் நுரை எழுந்த வேகத்தில் பொரிந்து அடங்கிவிடும், நடுவில் கரிய நீர் தெரியும். ஒரு கட்டத்தில் பரப்பு முழுவதும் நுரை மூடி 45 விநாடி உடையாமல் நிற்கும்; அதுவரை செலவான மருந்தே அந்தச் சாம்பலின் எண். எண்ணைவிட, ஒரு சரக்குக்கும் அடுத்த சரக்குக்கும் அது எவ்வளவு தாவுகிறது என்பதே முக்கியம். சீராக அதிகம் உறிஞ்சும் சாம்பலோடு மருந்தைக் கூட்டிக்கொண்டு வாழலாம். தாவிக்கொண்டே இருக்கும் சாம்பலைத் திருப்பி அனுப்புவதே மேல்.

அறிகுறி: மேற்பரப்பில் விரிசல், தூசு, உரிதல்

ஊற்றிய சில மணி நேரத்தில் தோன்றும் மெல்லிய விரிசல்கள் நீர் ஆவியாகும் வேகத்தால் வருபவை. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ ஆவியாதல் பொதுவான எச்சரிக்கை எல்லை. சிலிக்கா ஃபியூம் கலவையில் மேலே கசிந்துவரும் நீர் ஏறக்குறைய இல்லை என்பதால் அதில் பாதிக்கே விரிசல் விடும். நீர்த்தூவலும் காற்றுத் தடுப்பும் கரணை வேலை முடியும்வரை நிற்கக் கூடாது.

தூசு பறப்பதும் மேல்தோல் தகடாகப் பிரிவதும் பெரும்பாலும் சீக்கிரம் தேய்த்ததன் விளைவு. இறுகல் தாமதமானால் நீர் கசிவும் நீள்கிறது. கடிகாரத்தைப் பார்த்துத் தேய்க்கும் கொத்தனார் அந்த நீரைத் தோலுக்குள் பூட்டிவிடுகிறார். பளபளப்பு மறைந்து, காலணியின் தடம் ஆழமாகப் பதியாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். பனி உருக்கும் உப்பு கொட்டப்படும் தளங்களில் அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் 318-ஆம் விதித்தொகுப்பு ஃபிளை ஆஷுக்கு 25, கசட்டுத்தூளுக்கு 50, சிலிக்கா ஃபியூமுக்கு 10 விழுக்காடு என்று மேல் எல்லை வைத்திருப்பது இந்த உரிதலை மனத்தில் வைத்துத்தான்.

அறிகுறி: விநோத நிறம், மணம்

உடைத்த மாதிரியின் உட்புறம் நீலப்பச்சையாக இருந்தால் அது கசட்டிலுள்ள சல்ஃபைடின் நிறம்; காற்றுப்பட வெளுக்கும், தீங்கில்லை. தேய்க்கும்போது கரணையில் ஒட்டும் கரிய படலம் மிதந்துவந்த கரி. நுரைச் சோதனையைச் செய்துவிடுங்கள். அம்மோனியா நெடி, மின் நிலையத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்கப் பயன்படுத்திய அம்மோனியா சாம்பலில் தங்கியதால் வருவது. வலிமைக்குக் கேடில்லை, ஆனால் மூடிய அறைக்குள் வேலை செய்பவரின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு என்பதால் காற்றோட்டம் கட்டாயம்.

அறிகுறி: உப்புகிறது, குமிழ் விடுகிறது, குழி விழுகிறது

இது நல்ல ஃபிளை ஆஷிலோ ஊதுலைக் கசட்டிலோ வருவது அரிது. வேறு ஏதோ பொருள் அந்தப் பெயரில் வந்திருக்கலாம். எஃகு தயாரிப்பில் வரும் கசட்டில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் இருக்கும். அவை மாதங்கள் கழித்து நீரேறி உப்பும். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் அது ஊதுலைக் கசட்டின் இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. குப்பை எரிப்புச் சாம்பலில் உலோக அலுமினியம் துணுக்குகள் உண்டு. அவை காரத்தில் கரைந்து ஹைட்ரஜனை விடுவதால் ஈரக் கான்கிரீட் புளித்த மாவைப்போலப் பொங்கும். அத்தூளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் குமிழ்கள் கிளம்புவதே போதிய சான்று. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். உப்பலைக் கண்டறிய அழுத்தக்கலன் விரிவுச் சோதனை உண்டு, சி618-இன் எல்லை 0.8 விழுக்காடு. இந்த வகைக் கோளாறுக்குக் கலவையில் திருத்தமே கிடையாது. பொருளை நிறுத்துவதுதான் வழி.

அறிகுறி: சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடிக்கிறது

கடலோர உப்பு காரணமென்றால் கசட்டுத்தூளும் சாம்பலும் உண்மையில் காப்பவை, ஏனெனில் நுண்துளைகளை அவை அடைத்து உப்பு உட்புகுவதைத் தடுக்கின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவின் கதை வேறு. அதை எதிர்த்துநிற்கும் சுண்ணாம்பைத்தான் இந்தப் பொருள்கள் செலவழித்துவிடுகின்றன. நீராற்றலும் போதாமல் போனால் மேல்தோல் துளைகளோடு நின்று, காரத்தன்மை இழப்பு கம்பியை நோக்கி வேகமாக நகர்கிறது.

புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாகும் பகுதி இன்னும் காரமாக இருக்கிறது, நிறமேறாத விளிம்பு காரத்தை இழந்துவிட்டது. விளிம்பின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து கம்பியின் மூடல் தடிமனோடு, அதாவது கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிமனோடு, ஒப்பிடுங்கள். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்வதால், 4 ஆண்டில் 6 மில்லிமீட்டர் என்றால் 16 ஆண்டில் சுமார் 12 எதிர்பார்க்கலாம். மூடல் 40 இருந்தால் கவலையில்லை, 15 மட்டுமே இருந்தால் இப்போதே கரியமில வாயுத் தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். கம்பியைத் தாண்டிப் போய்விட்ட இடங்களில் பூச்சு பயன்படாது. அங்கே தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புது மூடல் கட்டித்தான் ஆக வேண்டும்.